தனி டம்ளர்

தெருவில் வளரும் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருக்க, வழிகாட்டிகளை அனுப்பும் ஒரு மையத்தில் விண்ணப்பித்தேன். எங்கள் குடும்பத்தின் கை கொடுத்துச் சிவந்த கை. என் தகுதியைப் பார்க்க மையம் வைத்த செயற்கை அறிவு இயந்திரம் ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பேச்சைக் கேட்டுவிட்டு முடிவு சொன்னது: ஆபத்தில் இருக்கும் பிள்ளை என் பேத்தி மகிழினியாம். அவளுக்கு ஒரு வழிகாட்டியை அனுப்புகிறார்களாம். என்ன அறிவு, என்ன அறிவு.

வந்தவள் பெயர் ஜெனிபா. சின்ன வயதிலேயே வீட்டை விட்டு வந்து, பேருந்து நிலையத்தில் படுத்துறங்கி வளர்ந்த மேதை. வீடு தேடி வந்தவரை உபசரிக்காமல் அனுப்புவது எங்கள் வழக்கமில்லை. அப்படிப்பட்டவர்களுக்கென்றே கொல்லையில் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளரில் காபி கொடுக்கச் சொன்னேன்.

"மகிழினி கல்யாணத்துக்குச் சரின்னு சொல்ற வரைக்கும் காலேஜ் கிடையாது, ஃபோன் கிடையாது, ரூமைப் பூட்டுன்னு சொன்னேன். கண்டிச்சு வளக்கறதுக்குப் பேரு ஆபத்தாம்மா?"

ஜெனிபா டம்ளரைத் திருப்பிப் பார்த்தாள். "பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலயும் எங்களுக்கு இப்படித் தனி டம்ளர்தான் ஐயா. பூட்டு மட்டும் கிடையாது."

விருந்தாளிக்காக அன்று ஒருநாள் வெளியே விடப்பட்டிருந்த மகிழினி அவளருகே போய் உட்கார்ந்தாள். அந்த டம்ளரை வாங்கி, மிச்சக் காபியை வாய் வைத்தே குடித்தாள். பிறகு, நான் அங்கே இல்லாததுபோலக் கேட்டாள்.

"வீட்டை விட்டு வந்த மொத ராத்திரி எங்க படுத்தீங்க, அக்கா?"