ஆறு மாதப் படிப்பு

ரப்பர் பொம்மையைத் தொடுவதற்கு முன் சுலைகா பீவி புறங்கையால் தண்ணீரின் சூட்டைப் பார்த்தாள்.

அதைக் கண்டதுமே சத்தியபாய் டீச்சர் நோட்டில் முதல் மார்க்கைப் போட்டுவிட்டாள்.

குழித்துறையில் அந்தப் பிள்ளை வளர்ப்புப் பயிற்சிக்கூடம் தொடங்கி இரண்டாவது வருஷம். மூன்று படிப்புகள் இருந்தன. கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, உறங்க வைக்கிற ஆயாவுக்கு ஆறு மாதம். உதவியாளருக்கு ஒரு வருஷம். மூன்று வயது தாண்டிய பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லித்தருகிற டீச்சருக்கு இரண்டு வருஷம்.

அன்று வந்திருந்த நாலு பெண்களில் ஏழாம் வகுப்பு பாசானவள் சுலைகா பீவி ஒருத்திதான். தேங்காப்பட்டணத்துக்காரி. புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. டீச்சர் படிப்புக்கு அது போதும், ஆனால் முப்பத்தைந்து வயதுவரைதான் சேர்ப்பார்கள். அவளுக்கு வருகிற மாசியோடு முப்பத்தைந்து முடிகிறது.

விண்ணப்பத்தில் அவள் எழுதியிருந்தது ஆயா.

காலையிலிருந்து சத்தியபாய் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"ஏழு பாசாயிட்டு ஆரு ஆயா வேலைக்கு வருவாவ? இந்த வருசம் விட்டா பொறவு டீச்சராவ ஒக்காது, கேட்டியளா."

"எனக்கு ஆயா போரும் டீச்சரே."

மூன்று தடவையும் அதே பதில். காரணம் சொல்லவில்லை. தன்னைத் தானே தாழ்த்திக்கொள்கிற பெண்களைச் சத்தியபாய்க்குப் பிடிக்காது. செய்முறைப் பரீட்சை முடியட்டும், பிடித்து உட்கார வைத்து டீச்சர் படிவத்தையே நிரப்பிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

அவளுக்கு முன் வந்த மூன்று பேரும் பொம்மையைத் தேங்காயைக் கழுவுவதுபோலக் கழுவியிருந்தார்கள். ஒருத்தி காலைப் பிடித்துத் தூக்கியிருந்தாள்.

சுலைகா பீவி கழுத்துக்கடியில் கை கொடுத்தாள். காதுகளில் பஞ்சு வைத்தாள். வலது பக்கம் முதலில், அப்புறம் இடது பக்கம். தண்ணீரை ஊற்றவில்லை, ஒழுகவிட்டாள். விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அவ்வளவு மெதுவாக ஒரு பெண் ஒரு பிள்ளையைத் தொட்டுச் சத்தியபாய் பார்த்ததில்லை. சுலைகா பீவியின் உதடுகள் மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

பேசிக்கொண்டிருந்த மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

பத்துக்குப் பத்து என்று எழுதினாள் சத்தியபாய்.

சுலைகா பீவி வெள்ளைத் துணியை விரித்து, பொம்மையை நடுவில் கிடத்தினாள். கால்களைச் சேர்த்து வைத்தாள். ஒரு ஓரத்தை மடித்தாள், மறு ஓரத்தை மடித்தாள். கால்பக்கம் ஒரு முடிச்சுப் போட்டாள்.

பிறகு தலைப்பக்கத் துணியை இழுத்து முகத்தை மூடினாள்.

"கர்த்தாவே" என்றாள் அந்த மூன்று பேரில் ஒருத்தியான ராகேல், பின்னால் நின்றபடி.

சுலைகா பீவியின் கை அப்படியே நின்றது. தான் செய்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். அவசரமாக முகத்துத் துணியை விலக்கினாள். விலக்கிய பிறகும் அது பிள்ளையாகத் தெரியவில்லை.

சத்தியபாய் மற்றவர்களை வெளியே அனுப்பினாள்.

"எங்க ஊருல பொம்பளையளையும் பிள்ளையளையும் கடைசியா குளிப்பாட்டி, அடக்கத்துக்குத் துணி சுத்தி விடுதது நானாக்கும்" என்றாள் சுலைகா பீவி, பொம்மையைப் பார்த்தபடியே. "பேதி வந்த வருசம் மட்டும் பதினோரு பிள்ளைய. பெத்தவளுவளே தொடப் பேடிச்சாளுவ. நான் தொட்டேன். அதுக்குப் பொறவு ஒருத்தியும் அவ பிள்ளைய எனக்க கையில தந்ததில்ல. நான் வாறது கண்டா முந்தானைக்குள்ள மறைப்பாளுவ."

சத்தியபாய் மேசைமேல் எடுத்து வைத்திருந்த டீச்சர் படிவத்தைத் தள்ளி வைத்தாள்.

"ஆயா பாசானா சர்க்கார் முத்திரை போட்டு ஒரு தாளு தருவியள்லா? அதைக் காட்டினா பிள்ளைய தருவினுமா டீச்சரே?"

அப்போது அடுத்த அறையில் தொட்டிலில் கிடந்த குழந்தை விழித்து அழுதது. சத்தியபாயின் மகள். ஐந்து மாதம்.

சுலைகா பீவி கதவுக்குப் பக்கத்தில் இருந்தாள். எழுந்து இரண்டடி வைத்தாள்.

சத்தியபாய் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. நாற்காலி சாய்ந்து விழுந்தது. சுலைகா பீவியின் தோளில் இடித்துக்கொண்டு உள்ளே போய், பிள்ளையை வாரி மார்போடு அணைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

சுலைகா பீவி வாசலோடு நின்றுவிட்டாள். முகத்தில் வருத்தம்கூட இல்லை. பழகிப்போன முகம்.

சத்தியபாய்க்கு உடம்பு கூசியது.

பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. தட்டிக்கொடுத்தாள், ஆட்டினாள், அடங்கவில்லை.  பிறகு வாசல்வரை நடந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பிள்ளையை அந்தக் கைகளில் வைத்தாள்.

கழுத்துக்கடியில் கை போயிற்று. மறு கை முதுகைத் தாங்கிற்று.

பிள்ளை ஒருமுறை விசும்பிவிட்டு, சட்டென்று அழுகையை நிறுத்தியது.

சுலைகா பீவியின் முகம் வெளுத்தது. மூச்சு வருகிறதா என்று பிள்ளையின் வாயருகே காதைக் கொண்டுபோனாள்.

"அழு மக்கா" என்றாள்.  "நிறுத்தண்டாம். அழு."