முப்பது சதுர மீட்டர் இரும்பு

படகுத்துறையின் இரும்புத் தூண்கள் துருப்பிடிக்காமலிருக்கக் கடலுக்குள் மின்சாரம் செலுத்துவது ஷமீனாவின் வேலை. ஒரு சதுர மீட்டர் இரும்புக்கு இவ்வளவு மின்சாரம் என்று கணக்கு உண்டு. கடைசித் தூண் மட்டும் கணக்குக்கு அடங்காமல் மூன்று ஆம்பியர் கூடுதலாகக் குடித்தது. அந்த மூன்றை வகுத்துப் பார்த்துவிட்டு, தண்ணீருக்குள் முங்கி வேலைபார்க்கும் கிளாடியஸிடம் சொன்னாள்: "முப்பது சதுர மீட்டர் இரும்பு ஏதோ கீழ இந்தத் தூணைத் தொட்டுக்கிட்டு இருக்குண்ணே."

"ஒரு இரும்பு போட்டு அளவு வருமா மேடம்?"

"சின்ன போட்டுன்னா வரும்."

அன்று அவருடைய முறை இல்லை. ஆனாலும் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

மேலே வந்தவர் ஏணியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே இருந்தார். "புயல்ல கட்டறுத்துட்டுப் போன என் போட்டு மேடம். நங்கூரச் சங்கிலி தூணைச் சுத்திக் கெடக்கு. மேலெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாப் படிஞ்சிருக்கு. கத்தியால சொரண்டிப் பாத்தேன், உள்ள பளபளன்னு இருக்கு. துருவே இல்ல."

தூணைத் தொடும் வேற்று இரும்பை வெட்டிவிட வேண்டும் என்பது விதி. ஷமீனா மின்சாரப் பெட்டியின் திருகைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். "மேல தூக்குற வரைக்கும் தூணு, போட்டு ரெண்டுக்கும் கரண்டு பத்தணும்ல."

கிளாடியஸ் வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி எடுத்ததும் போனைப் போட்டு கிடக்கும் தண்ணீர்ப் பக்கமாக நீட்டிப் பிடித்தார்.

"வெறும் அலச் சத்தந்தான் கேக்குது," என்றாள் அவள்.

"நல்லாக் கேளு," என்றார்.