அடியில் இருந்த பட்டன்

ஒரு மெஸ் சமையலறையில் மிக்ஸியும் கிரைண்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அன்று காலை மிக்ஸி சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது லேசாகக் கருகல் வாசனை வந்தது.

“அடியே, உனக்கு உடம்பு கொதிக்குது. கொஞ்சம் நில்லுடி” என்றது கிரைண்டர்.

“நின்னா பரண்ல தூக்கிப் போட்டுடுவாங்க அக்கா. எனக்கு முன்னாடி இருந்தவ அங்கதானே கிடக்குறா?”

“அவ நிக்காம ஓடித்தான்டி கருகிப் போனா.”

மிக்ஸி கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியது. பாதிச் சட்னியில், தன்னையும் மீறி நின்றுவிட்டது.

சமையல்காரி பூமயில் ஓடிவந்து தொட்டுப் பார்த்தாள். “ஐயோ, இப்படிச் சுடுதே! நான்தான் தண்ணி விடாம கெட்டியாப் போட்டுட்டேன்” என்றபடி ஜாரைக் கழற்றிவிட்டு மிக்ஸியைத் தூக்கினாள். பரணுக்குத்தான் என்று மிக்ஸிக்கு உயிரே போய்விட்டது. அவளோ அதை ஜன்னலோரம் ஆற வைத்து, மீதிச் சட்னியைக் கிரைண்டரில் கொட்டினாள். சூடு தணிந்ததும் மிக்ஸியைச் சாய்த்து, அடியில், சூட்டில் வெளியே தள்ளியிருந்த சிவப்புப் பட்டனை உள்ளே அழுத்தினாள். மிக்ஸிக்கு மூச்சு வந்தது.

“அக்கா, எனக்கு அடியில இப்படி ஒரு பட்டன் இருக்கா?”

“நீ என்னிக்கு நின்ன, யாராவது தூக்கிப் பார்க்கறதுக்கு?” என்று வாய் நிறையச் சட்னியோடு சிரித்தது கிரைண்டர்.