ஒரு மணி நேரம் தாங்கும் கண்ணாடி

சான் பெட்ரோ சூலா நகரில் பல மாடித் தையல் ஆலை கட்டிவந்த முதலாளி தொன் எவாரிஸ்தோ, படிக்கட்டு வழிக்குச் சாதாரணக் கண்ணாடியே போதும் என்று அடம்பிடித்தார்.

"தீப்பிடிச்சா அது உடனே வெடிச்சிடும். தீ தாங்குற கண்ணாடிதான் வைக்கணும்னு விதியே இருக்கு. ஒரு மணி நேரம் நிக்கும்," என்று மன்றாடினாள் கட்டட வடிவமைப்பாளர் நெரெய்தா.

"ஒரு மணி நேரமா? புகையும் வராதா?"

"சூடுகூட அந்தப் பக்கம் போகாது."

அவர் முகம் மாறியது. "அப்ப விலையைப் பாக்காதீங்கம்மா. வாங்கிடுங்க."

அவரைக் கல்நெஞ்சர் என்று நினைத்ததற்காக நெரெய்தா வெட்கப்பட்டாள்.

பொருத்தி முடிந்ததும் போய்ப் பார்த்தாள். படிக்கட்டில் சாதாரணக் கண்ணாடி. தீ தாங்கும் கண்ணாடி முழுவதும் துணிக் கிடங்கைச் சுற்றி நின்றது.

"அப்ப தைக்கிற பொண்ணுங்க?" என்று கேட்டாள்.

"அவங்களுக்குக் கால் இருக்கு, ஓடிடுவாங்க. துணிக்கு இருக்கா?"