தீர்ப்புச் சொல்லாத பிரஷ்

அடைக்கலம் வீட்டுக் குளியலறையில் ஒரு ஷேவிங் பிரஷ் இருந்தது. பெண் பார்க்கப் போகும் நாளுக்கென்று அடைக்கலம், கையால் செய்த ஷேவிங் சோப்பு இரண்டு வாங்கி வந்தான். இரண்டில் நல்லது தங்கும், மற்றது குப்பைக்குப் போகும்.

"அண்ணே, என் வாசனைக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும். பார்த்துச் செய்யுங்க" என்று பிரஷ்ஷிடம் கெஞ்சியது சந்தன சோப்பு.

"வாசனையா தாடியை வழிக்கும்? என் நுரையைப் பாருங்கண்ணே. விலையும் பாதிதான்" என்றது தேங்காயெண்ணெய் சோப்பு.

பிரஷ்ஷுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை யாரும் அதை மதித்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தேங்காயெண்ணெய் சோப்புதான் நன்றாக நுரைக்கிறது என்பது முதல் சுற்றிலேயே அதற்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தீர்ப்பைச் சொல்லிவிட்டால் அப்புறம் யார் கெஞ்சுவார்கள்? அதனால் இழைகளை இறுக்கிக்கொண்டு, இரண்டுக்கும் ஒரே அளவு நுரைதான் விட்டது.

அடைக்கலம் ஒரு கன்னத்தில் இதையும் மறு கன்னத்தில் அதையும் தடவினான். கழுவினான். மாற்றித் தடவினான். எது மேல் என்று பிடிபடவேயில்லை.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. "டேய், நல்ல நேரம் போகுது!" என்று அப்பா கத்தினார். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாலு நாள் தாடியோடு ஓடினான்.

சாயங்காலம் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான்.

"பொண்ணுக்குத் தாடிதான் பிடிச்சிருக்காம்!"

சோப்புகள் இரண்டும் கைகழுவும் இடத்துக்குப் போய்ச் சௌக்கியமாக இருந்தன. பிரஷ்ஷுக்கு, புதிதாக வாங்கிய தாடிச் சீப்பின் பல்லிடுக்கில் அழுக்கெடுக்கும் வேலை கிடைத்தது.