திறக்காத தீயணைப்பு வண்டி

மூடிய பெட்டியைக் காதருகே வைத்து ஒரே ஒரு குலுக்கு. உள்ளே இருக்கும் பொம்மை காலை வேளையில் செய்ததா, தொழிலாளிகள் சாப்பிட்டுவிட்டு வந்து தூக்கக் கலக்கத்தில் செய்ததா என்பது வரை சொல்லிவிடுவேன்.

இதுவரை பதினோராயிரம் பெட்டிகள். தவறியது ஒரே ஒரு முறை. அதுவும் என் பிழையில்லை. உள்ளே இருந்தது மனதை மாற்றிக்கொண்டது.

நாற்பது வருடம் அஞ்சலகத்தின் பார்சல் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். ஓய்வுக்குப் பிறகு, உருமாறும் ரோபோ பொம்மைகளைச் சேகரிப்பவர்களுக்கு மதிப்பீடு செய்து தருகிறேன். வண்டியாக இருக்கும், மடித்துத் திருப்பினால் ரோபோவாக நிற்கும். அந்த வகை.

பெட்டி திறக்கப்படாமல் இருந்தால்தான் அவர்களுக்கு அது தங்கம். திறந்ததா, திறக்காததா என்று சொல்வதுதான் என் வேலை.

என் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட நம்பாத மனிதர் ஒருவர் உண்டு. என் மகளின் மாமனார். எக்ஸ்ரே நிலையம் வைத்திருக்கிறார். எலும்பைத் தவிர வேறெதையும் நம்ப மாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு, ஒரு பெட்டியோடு அவர் முன் போய் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு தையல்கார அம்மா. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட மறந்து வந்திருந்தார்.

“வாங்க சம்பந்தி. இன்னைக்கு எது ஒடஞ்சுது? கையா, காலா, இல்ல உங்க புளுகு மூட்டையா?”

“பெட்டிக்குப் படம் எடுக்கணும்,” என்றேன்.

விஷயம் இதுதான். அந்த அம்மாவின் மகன் ஓவியப் போட்டியில் ஜெயித்து வாங்கிய பெட்டி அது. பிறந்தநாளன்று திறக்கலாம் என்று அலமாரி மேல் வைத்திருக்கிறார். மூன்றாம் நாள் பார்த்தால் மூடியின் ஒரு மூலை உப்பியிருக்கிறது.

“நான் தொடலம்மா. அதுவா உள்ள எழுந்திருக்குது,” என்றானாம் பையன்.

பொய் சொன்னதற்கு ஓர் அறை.

அன்று மாலை பள்ளியிலிருந்து வரும் வழியில் சாலை விபத்து. இருபத்தாறு வருடம் ஆகிறது.

“விக்கிறதுக்கு இல்லீங்க. நான் அவன சும்மா அடிச்சேனான்னு எனக்குத் தெரியணும்,” என்று என்னிடம் வந்திருந்தார்.

ஒட்டுநாடாவை லென்ஸில் பார்த்தேன், நகத்தால் வருடினேன், மோந்தேன். திறக்காத பெட்டி. ஆனால் அதற்குச் சற்று முன்தான், பார்சலைக் குலுக்கியே உள்ளே தூங்கிய பூனையின் நிறத்தைச் சொன்ன கதையை அவரிடம் அவிழ்த்துவிட்டிருந்தேன். என் தீர்ப்பை அவர் எப்படி நம்புவார்? அதனால்தான் எலும்புக்காரரிடம் அழைத்து வந்தேன்.

தொழிற்சாலையிலிருந்து இந்தப் பொம்மை வண்டி வடிவில்தான் வரும். இரண்டு முறுக்குக் கம்பிகளால் அட்டையோடு கட்டியிருப்பார்கள். ஒருமுறை அவிழ்த்துவிட்டால் எந்தப் பிள்ளையாலும் அதே முறுக்கில் திரும்பக் கட்ட முடியாது. பொம்மையில் பாதி உலோகம். எக்ஸ்ரேயில் பளிச்சென்று விழும்.

அந்த அம்மாவை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினோம். பெட்டி மேசை மேல். நாங்கள் இருவரும் ஈயக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்.

இயந்திரம் ‘டக்’ என்றது. முதல் படம். தீயணைப்பு வண்டி. ஆறு சக்கரம், ஏணி, இரண்டு கம்பிகள், ஒவ்வொன்றிலும் நாலு முறுக்கு. அச்சு அசலாகத் தொழிற்சாலைக் கட்டு.

“பாத்தீங்களா?” என்றேன்.

அவரா விடுகிறவர்! “ஏணி கொஞ்சம் கலங்கலா விழுந்திருக்கு. இன்னொண்ணு எடுத்துட்டுப் பேசுவோம்.”

இரண்டாம் படம்.

இரண்டு கால். இரண்டு கை. சக்கரங்கள் தோளுக்கு ஏறியிருந்தன.

கம்பிகள் அதே நாலு முறுக்கோடு, எதையும் கட்டாமல், இருந்த இடத்திலேயே இருந்தன.

தலை மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அந்தப் பக்கம்தான் கதவு. கதவுக்கு வெளியேதான் அந்த அம்மா.



“சம்பந்தி, பெட்டியத் தொட்டீங்களா?” சம்பந்தியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“எங்க தொடுறது? என் ரெண்டு கையையும் நீங்கதான புடிச்சிட்டிருக்கீங்க!”

அப்போதுதான் குனிந்து பார்த்து, என் கைகளை விட்டார்.

நான் கதவைத் திறக்கப் போனேன். முதுகுக்குப் பின்னால் இயந்திரம் இன்னொரு முறை ‘டக்’ என்றது. திரும்பிப் பார்ப்பதற்குள் சம்பந்தி திரையை அணைத்துவிட்டார்.

அந்த அம்மா உள்ளே வந்தார். பார்த்ததைச் சொன்னேன். என் வாழ்நாளில் முதல் முறையாக, உப்பு புளி சேர்க்காமல், உள்ளதை உள்ளபடி. அதற்குத்தான் நாக்கு இத்தனை குழறும் என்று எனக்குத் தெரியாது.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு சம்பந்தி பக்கம் திரும்பினார்.

“சார், நீங்க சொல்லுங்க. இவரு என் மனசு ஆறட்டும்னு சொல்றாரா?”

ஒன்பது வருடத்தில் நான் சொன்ன எதற்கும் தலையாட்டாத மனிதர் அவர். எங்கள் பிள்ளைகளின் கல்யாணத் தேதியை நான் சொன்னபோதுகூட, பத்திரிகையை எடுத்துச் சரிபார்த்த பிறகே ஒப்புக்கொண்டார்.

நோயாளிகள் உட்காரும் முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். பெட்டி இருந்த பக்கம் பார்க்கவே இல்லை.

“உங்க பையன் பொய் சொல்லலம்மா,” என்றார். “அத்தனையும் நடந்துச்சு. மூணாவது படத்த இவரு பாக்கல. இன்னைக்கு ஒரு நாள்தான், இவரு கொறச்சு சொல்லியிருக்காரு.”