நுயென் வைத்த சூப்

"இந்தச் சூப் ஆர் வைச்சது?"

"பக்கத்து வீட்டு நுயென். என்ன கைப்பக்குவம் அந்த மனுசனுக்கு!" என்றாள் றோசா.

தண்ணீர் குடிக்க மட்டுமே குசினிக்குள் போகும் அவள் கணவன் வலன்ரைனுக்கு வயிறு எரிந்தது.

"வியட்நாம்காரனுக்கு ஏலுமெண்டா எனக்கு ஏலாதோ? தள்ளு!"

புரோசார்ட்டிலுள்ள ஆசியக் கடைக்குப் போய் மீன் சோஸும் அரிசி நூடில்ஸும் வாங்கிவந்தார். ஒரு சட்டியைக் கருக்கி, விரலையும் சுட்டு, ஒருவழியாகச் சூப் வைத்தார்.

"நுயென்ரையை விட இது திறம். இனி நீங்கள்தான் சமையல்!" என்றாள் றோசா, ஒரு வாய் குடித்துப் பார்த்து.

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குளிக்கப் போனார். றோசா உடனே நுயெனின் மனைவி லானுக்குப் போன் எடுத்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கதைத்தாள்.

"நீர் வைச்ச சூப் வேலை செய்திட்டுது, லான். என்ர நண்டுக்கறியை வலன்ரைன் வைச்சதெண்டு உம்மட மனுசனுக்குச் சொன்னீரோ?"

"சொன்னனான். இப்ப குசினியிலை நண்டு உடைக்கிறார்."